நெஞ்செரிச்சலைக் கணக்கில் எடுத்த ஒரு முடிவு: கடும் உடல்பருமனுக்கான நுண்துளை அறுவை குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் போன்ற எல்லையோர ஊர்களில் தமிழ் பேசுவோர் ஏராளமாக வாழ்கிறார்கள். ரேஷன் அட்டையும் ஆரம்ப சுகாதார நிலையமும் கேரளத்தினுடையவை. பெரிய மருத்துவமனை என்றால் பலரும் பேருந்து ஏறுவது கோயம்புத்தூருக்கு. அறுவை ஒரு மாநிலத்திலும், அதற்குப் பிந்தைய ஆயுட்காலக் கவனிப்பு இன்னொரு மாநிலத்திலும் நடப்பது இங்கே வாடிக்கை. இந்த நிகழ்வில் எந்த அறுவையைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வியிலும், அதன் பின்னர் நேர்ந்த சிக்கலிலும் இந்தப் பிளவுக்குப் பங்கு இருந்ததால் முதலிலேயே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நோயாளியின் அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.

நோயாளி 44 வயதுப் பெண்மணி. கணவருடன் சேர்ந்து ஒரு சிறிய மெஸ் நடத்துபவர். ஏழு ஆண்டுகளாக அவருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. 2022 இறுதியில் எங்கள் கிளினிக்குக்கு வந்தபோது எடை 103 கிலோ, உயரம் 152 செ.மீ., அதாவது உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. குறியீடு 44.6. நாளொன்றுக்கு 38 யூனிட் இன்சுலின், 2 கிராம் மெட்ஃபார்மின், டாபாக்ளிஃப்ளோசின் என்ற மற்றொரு சர்க்கரை மாத்திரை, இரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டன் என மருந்துப் பட்டியல் நீண்டிருந்தும் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 9.1 விழுக்காட்டில் நின்றது. உணவுக் கட்டுப்பாட்டை அவர் முயலாமல் இல்லை. மூன்று முறை பத்து கிலோவுக்குக் கிட்டக் குறைத்து, மூன்று முறையும் அதைத் திரும்பப் பெற்றிருந்தார். எடையைக் குறைக்கும் லிராக்ளூட்டைட் ஊசியைச் சில மாதங்கள் போட்டுக்கொண்டு, குமட்டலும் செலவும் தாங்காமல் நிறுத்தியிருந்தார். காலை நான்கரைக்கு அடுப்பு மூட்டி, நாள் முழுவதும் ருசி பார்த்து, இரவு பத்தரைக்கு மிஞ்சியதைச் சாப்பிடும் ஒருவரிடம் 'வாயைக் கட்டுங்கள்' என்று சொல்லிவிட்டுப் போவது மருத்துவம் ஆகாது என்பது என் கருத்து.

அவர் வந்ததே அறுவை பற்றிக் கேட்கத்தான். உறவுக்காரப் பெண் ஒருவர் கோயம்புத்தூரில் இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவ் அறுவை செய்துகொண்டு நன்றாக மெலிந்திருந்தார். "எனக்கும் அதே ஆபரேஷனுக்கு எழுதிக் குடுத்துருங்க டாக்டர், வயித்தைச் சின்னதாக்கினாப் போதுமுங்க" என்பதே அவருடைய முதல் வேண்டுகோள்.

பரிசோதனையில் கண்டவை

அறுவைக்கான தகுதியில் ஐயம் இருக்கவில்லை. பி.எம்.ஐ. 35க்கு மேல் இருந்தாலே, வேறு நோய் இல்லாவிட்டாலும் அறுவையைப் பரிந்துரைக்கலாம் என்றும், ஆசியர்களுக்கு 27.5 முதற்கொண்டே அதைப் பரிசீலிக்கலாம் என்றும் இத்துறையின் இரு பெரும் பன்னாட்டு அமைப்புகள் 2022இல் கூட்டாக அறிவித்தன. இவர் அந்த வரம்புகளை எப்போதோ தாண்டியிருந்தார்.

தைராய்டு, கார்ட்டிசால் ஆகியவற்றில் குறை இல்லை. கல்லீரலில் கொழுப்பு படிந்திருந்தது. பித்தப்பையில் கல் இல்லை. பகலில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுகிறார் என்று கணவர் சொன்னதால் தூக்க ஆய்வுக்கு அனுப்பினோம். மணிக்கு 34 தடவை மூச்சு தடைபட்டது. 30ஐத் தாண்டினாலே அது தீவிர வகை. ஹீமோகுளோபின் 11.2, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 14. வைட்டமின் டி மிகக் குறைவு. பருமனான உடலுக்குள் ஊட்டச்சத்துக் குறைவு ஒளிந்திருப்பது அபூர்வமல்ல. அறுவைக்குப் பின் அது வெளிப்பட்டால் பழி அறுவையின் மேல் விழும்.

எண்டோஸ்கோப்பி முடிவுதான் பேச்சின் திசையை மாற்றியது. நெஞ்செரிச்சல் உண்டா என்று முதல் நாள் கேட்டதற்கு அவர் இல்லை என்றே சொல்லியிருந்தார். பிறகு விசாரித்தபோது, இரவில் புளித்த நீர் தொண்டைக்கு ஏறுவதையும், தலைமாட்டில் இரண்டு தலையணை வைத்துப் படுப்பதையும், பெட்டிக்கடையில் வாங்கும் ஈனோ தினசரிப் பழக்கமாகிவிட்டதையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். 'கேஸ் தொந்தரவு' என்று வீட்டில் அதற்குப் பெயர் இருந்ததால், நோய் என்று அதை அவர் எண்ணியதே இல்லை. எண்டோஸ்கோப்பியில் 3 செ.மீ. அளவுக்கு இரைப்பையின் மேற்பகுதி உதரவிதானத்தின் வழியே மார்புக்குள் ஏறியிருந்தது. உணவுக்குழாயின் கீழ்ப்பகுதியில் அமிலம் அரித்த புண்கள் இருந்தன. இத்தகைய புண்களின் தீவிரத்தை 'ஏ' முதல் 'டி' வரை தரம் பிரிக்கும் லாஸ் ஏஞ்சலிஸ் அளவீட்டில் 'பி' தரம். இரைப்பையில் ஹெலிகோபாக்டர் கிருமியும் காணப்பட்டது.

முன்னிருந்த வழிகள்

இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன், ஏனெனில் இத்தகைய நோயாளிகளிடம் 'எதில் அதிக கிலோ குறையும்' என்ற ஒரே அளவுகோலைக் கொண்டே அறுவைகள் ஒப்பிடப்படுகின்றன.

வயிற்றில் அரையங்குலத்துக்கு மிகாத நான்கைந்து துளைகள் வழியே, கரியமில வாயுவால் வயிற்றை உப்பச் செய்து, கேமராவின் துணையுடன் செய்யும் லேப்ராஸ்கோப்பி முறையே அடுத்து வரும் மூன்று அறுவைகளுக்கும் பொது. துளைகள் ஒரே மாதிரி இருப்பதால் உள்ளே நடப்பதும் ஒன்றுதான் என்று வீட்டார் நினைத்துக்கொள்கிறார்கள்.

ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேல் ஸ்டேப்ளரால் வெட்டி நீக்கப்பட்டு, குழல் போன்ற ஒரு பகுதி மட்டும் விடப்படுகிறது. குடலைத் தொடுவதில்லை, புதிய இணைப்பு ஏதும் இல்லை. நேரம் குறைவு, சத்து உறிஞ்சுவதில் பாதிப்பும் குறைவு, பிற்காலத்தில் எண்டோஸ்கோப்பி செய்வதிலும் தடை இல்லை. இந்தியாவில் இது பரவலாகச் செய்யப்படுவதற்குத் தக்க காரணம் உண்டு. ஆனால் எஞ்சும் குழல் குறுகலானது, உள்ளழுத்தம் மிகுந்தது. அதன் கீழ்வாயிலைக் காக்கும் பைலோரஸ் தசை அப்படியே இருக்கிறது. அழுத்தம் தப்பிக்க எளிய திசை மேல்நோக்கித்தான். ஃபின்லாந்தில் 240 பேரிடம் நடந்த ஸ்லீவ்பாஸ் ஆய்வின் பத்தாண்டு முடிவில், உணவுக்குழாய்ப் புண் ஸ்லீவ் செய்துகொண்டவர்களில் 31 விழுக்காட்டினரிடமும், அடுத்து விவரிக்கும் ரூ-என்-வை பைபாஸ் செய்துகொண்டவர்களில் 7 விழுக்காட்டினரிடமும் இருந்தது. மிகை எடையில் இழந்த பங்கு முறையே 43.5, 50.7 விழுக்காடு. கிலோக் கணக்கில் இடைவெளி சிறியது. நெஞ்செரிச்சல் கணக்கில் மிகப் பெரியது.

ரூ-என்-வை பைபாஸில் இரைப்பையின் உச்சியில் ஏறத்தாழ 30 மில்லி கொள்ளும் சிறு பை மட்டும் பிரிக்கப்பட்டு, சிறுகுடலின் ஒரு கிளை மேலே கொண்டுவந்து அதனுடன் இணைக்கப்படுகிறது. பித்தநீரும் கணைய நீரும் வரும் மற்றொரு கிளை, ஒரு மீட்டருக்கும் மேல் கீழே தள்ளிச் சேர்கிறது. ஆகவே பையில் அமிலமும் குறைவு, பித்தநீர் மேலேறவும் வழியில்லை. நெஞ்செரிச்சலுக்கு இதைவிடத் தக்க பருமன் அறுவை இல்லை. சர்க்கரை நோயிலும் இதற்குச் சிறு முன்னிலை உண்டு. அமெரிக்காவின் ஸ்டாம்பீட் ஆய்வில் ஐந்தாண்டு முடிவில் சராசரிச் சர்க்கரையை 6.0 அல்லது அதற்குக் கீழ் வைத்திருந்தவர்கள் பைபாஸில் 29 விழுக்காடு, ஸ்லீவில் 23, மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5. இதற்குக் கொடுக்கும் விலை இரண்டு இணைப்புகள், குடல் மடிப்புகளுக்கிடையே உண்டாகும் இடைவெளிகளில் குடல் சிக்கிக்கொள்ளும் அபாயம், இணைப்பின் விளிம்பில் புண், ஆயுள் முழுக்க இரும்பு, பி12, கால்சியம், வைட்டமின் டி. பிரித்து ஒதுக்கப்பட்ட இரைப்பையைச் சாதாரண எண்டோஸ்கோப்பியால் பிறகு எட்ட முடியாது என்பதும் உண்டு.

மினி பைபாஸ் எனப்படும் ஒற்றை இணைப்பு முறை 1997 முதல் செய்யப்படுகிறது. எடை குறைப்பில் ரூ-என்-வைக்கு இளைத்ததல்ல என்று 2019இல் வெளியான பிரான்ஸ் நாட்டு யோமெகா ஆய்வு காட்டியது. அதே ஆய்வில் வயிற்றுப்போக்கும் ஊட்டச்சத்துச் சிக்கல்களும் மினி பைபாஸில் கூடுதலாக இருந்தன. ஏற்கெனவே புண்பட்ட உணவுக்குழாயின் அருகே பித்தநீர் வந்துபோகும் அமைப்பை ஏற்படுத்த எங்களுக்கு மனமில்லை.

மற்றவை விரைவில் கழிந்தன. பட்டை கட்டும் முறை வழக்கொழிந்துவிட்டது. விழுங்கும் பலூன் தற்காலிகமானது. வாய் வழியாகத் தையலிட்டு இரைப்பையைச் சுருக்கும் எண்டோஸ்கோப்பி முறையில் ஓராண்டில் மொத்த எடையில் 13.6 விழுக்காடு குறைந்ததாக 2022இல் வெளியான மெரிட் ஆய்வு சொல்கிறது. இவருடைய தேவை அதைவிடப் பெரிது. ரோபோ கொண்டு செய்யலாமா என்றும் கணவர் கேட்டார். மாறுவது கருவிதான், அறுவை அதேதான் என்பதால் அந்தக் கூடுதல் செலவை நாங்கள் ஊக்குவிக்கவில்லை.

எடுத்த முடிவு

கோயம்புத்தூர் அறுவை மருத்துவரும் நாங்களும் ரூ-என்-வை பைபாஸையே பரிந்துரைத்தோம். நோயாளிக்கு உடனே சம்மதமில்லை. உறவுக்காரப் பெண் கண்முன் சான்றாக இருக்கும்போது ஆய்வு எண்களுக்கு எடை குறைவு. கணவர் கேட்டதோ வேறு: "குடலைப் பிரிச்சு வேற எடத்துல சேர்க்கறீங்க. நாளைக்கு நடுராத்திரி வயித்து வலின்னா, இங்க அதை யாருங்க பார்ப்பாங்க?"

ஸ்லீவுக்குச் சாதகமாகச் சொல்லத்தக்க ஆக வலுவான வாதம் அதுதான். அதை நாங்கள் தட்டிக்கழிக்கவில்லை. சுற்றுவட்டாரத்தில் இரவில் இத்தகைய சிக்கலைக் கையாளக்கூடிய இடம் பாலக்காட்டிலோ கோயம்புத்தூரிலோதான் உண்டு. இருப்பினும் ஸ்லீவ் செய்து நெஞ்செரிச்சல் முற்றினால், சில ஆண்டுகளில் அதையே பைபாஸாக மாற்றும் இரண்டாவது அறுவை தேவைப்படலாம் என்பதையும், அது முதல் அறுவையைவிடக் கடினமானது என்பதையும் படம் வரைந்து விளக்கினோம். தலையணை இரண்டு வைக்காமல் தூங்க முடியுமா என்று அவர் கேட்டார். பெரும்பாலும் முடியும் என்றோம். அடுத்த வாரம் சம்மதம் சொன்னார்கள்.

காப்பீட்டில் இழுபறி இல்லை. பி.எம்.ஐ. 40ஐத் தாண்டியோ, 35ஐத் தாண்டிக் கட்டுக்கடங்காத சர்க்கரை, தீவிர மூச்சுத் தடை போன்ற நோய்களுடனோ இருந்தால் பருமன் அறுவையை விலக்கக் கூடாது என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி. முந்தைய முயற்சிகள் தோற்றதற்கு ஆதாரம் கேட்டார்கள். எங்கள் எடைப் பதிவேடு அதற்குப் பயன்பட்டது.

அறுவைக்கு முன்பும் அறுவையும்

கிருமிக்குப் பதினான்கு நாள் மருந்து கொடுத்து, அது நீங்கியதை உறுதி செய்தோம். தூக்கத்தில் வரும் மூச்சுத் தடைக்கு இரவில் காற்றழுத்த முகமூடி பழகினார். இரும்பும் வைட்டமின் டியும் தொடங்கின. கல்லீரல் சுருங்குவதற்காக அறுவைக்கு முந்தைய இரண்டு வாரங்கள் குறைந்த மாவுச்சத்துள்ள நீராகாரம்: மோர், கொள்ளு ரசம், புரதப் பொடி, பருப்புத் தண்ணீர். அது தொடங்கும் நாளிலேயே டாபாக்ளிஃப்ளோசின் மாத்திரையை நிறுத்தியதைக் குறிப்பிட வேண்டும். அறுவைக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பு நிறுத்துவது பொது விதி. ஆனால் மாவுச்சத்து குறைந்த உணவுடன் அந்த மருந்து தொடர்ந்தால், இரத்தச் சர்க்கரை அதிகமாக உயராமலே கீட்டோன் அமிலம் ஏறும் ஆபத்து உண்டு. குளுக்கோமீட்டர் 160 காட்டுகிறதே என்று எல்லோரும் நிம்மதியாக இருக்கும் வேளையில் வரும் ஆபத்து அது.

2023 மார்ச்சில் அறுவை நடந்தது. மார்புக்குள் ஏறியிருந்த பகுதியைக் கீழிறக்கி, உதரவிதான இடைவெளியைத் தைத்து, பைபாஸ் செய்து, குடல் மடிப்புகளின் இரு இடைவெளிகளையும் கரையாத நூலால் மூடினார்கள். அன்று மாலையே நடக்க வைத்தார்கள். மூன்றாம் நாள் வீடு திரும்பும்போது இன்சுலின் நின்றிருந்தது. மெட்ஃபார்மின், மெதுவாகக் கரையும் வகையிலிருந்து சாதாரண வகைக்கு, குறைந்த அளவில் மாற்றப்பட்டிருந்தது.

முதல் ஆண்டு

இரண்டு வாரம் நீராகாரம், அடுத்த இரண்டு வாரம் மசித்த உணவு, பிறகு மென்மையான உணவு என்ற வரிசை மீறப்படவில்லை. நாளுக்கு 60 கிராம் புரதம் என்ற இலக்கை அவர் முட்டை, பச்சைப்பயறு, மத்தி மீன், கட்டித் தயிர் ஆகியவற்றால் தொட்டார். இரண்டாம் மாதம் எழுந்து நிற்கும்போது தலைசுற்றியதால் டெல்மிசார்டன் நிறுத்தப்பட்டது. நான்காம் மாதம் முடி கொட்டி அழுதுகொண்டு வந்தார். வேகமாக எடை குறையும்போது இப்படி ஆகும், மீண்டும் வளரும் என்று முன்பே சொல்லியிருந்தது ஓரளவு உதவியது.

ஓணத்தன்று பக்கத்து வீட்டிலிருந்து வந்த பாலடைப் பிரதமனை அரை டம்ளர் குடித்தார். இருபது நிமிடத்துக்குள் வியர்த்து, நெஞ்சு படபடத்து, வயிற்றைப் பிசைந்து, படுத்துவிட்டார். மாரடைப்பு என்று பயந்து ஆட்டோவில் கூட்டி வந்தார்கள். இனிப்பு சிறுகுடலுக்குள் ஒரேயடியாக இறங்குவதால் வரும் 'டம்பிங்' அது; ஈ.சி.ஜி. எடுத்து, ஓய்வில் வைத்து அனுப்பினோம். அதன் பின் பாயசத்தை அவர் தொடவில்லை. எங்கள் அறிவுரைகளை எல்லாம்விட அந்த அரை டம்ளர் நன்றாக வேலை செய்தது.

ஓராண்டு முடிவில் எடை 71 கிலோ. மொத்த எடையில் 31 விழுக்காடு குறைந்திருந்தது. மூச்சுத் தடை மணிக்கு 9ஆகக் குறைந்து, முகமூடி நிறுத்தப்பட்டது. ஒற்றைத் தலையணையில் தூங்கினார். சராசரிச் சர்க்கரை 6.2, ஆனால் மெட்ஃபார்மின் 500 மி.கி. இருவேளை தொடர்வதால், நோய் தணிந்துவிட்டது என்று இதைச் சொல்ல முடியாது. மருந்தே இல்லாமல் மூன்று மாதம் 6.5க்குக் கீழ் நின்றால்தான் அப்படி அழைப்பது வழக்கு.

பதின்மூன்றாம் மாதம்

2024 ஏப்ரலில் அவர் கறுத்த மலமும் மயக்கமுமாக இரவில் அருகிலுள்ள ஒரு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார். ஹீமோகுளோபின் 7.6. வயிற்றில் ஆபரேஷன் நடந்தது என்று மட்டுமே வீட்டாரால் சொல்ல முடிந்தது. ஆங்கிலத்தில் இருந்த டிஸ்சார்ஜ் சுருக்கம் வீட்டு பீரோவில் இருந்தது. பாலக்காட்டுக்கு மாற்றப்பட்டு, இரண்டு யூனிட் இரத்தம் ஏற்றி, காலையில் எண்டோஸ்கோப்பி செய்தபோது இரைப்பைப் பையும் குடலும் சேரும் விளிம்பில் ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள புண் தெரிந்தது. இரத்தக் கசிவு அதற்குள் நின்றிருந்தது.

புகை, கிருமி, வலி மாத்திரை ஆகிய மூன்றுமே இத்தகைய புண்ணுக்கான முதன்மைக் காரணங்கள். முதலாவது இல்லை; இரண்டாவது மறுபரிசோதனையிலும் இல்லை. வலி மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டதற்கு, "இல்லீங்க, நீங்க சொன்ன பாராசிட்டமால்தான்" என்றார். அட்டையை எடுத்துவரச் சொன்னோம். மருந்துக் கடையில் குதிகால் வலிக்கு வாங்கிய அந்த அட்டையில் பாராசிட்டமால் என்று எழுதியிருந்தது உண்மை. அதற்கு முன்னால், அவர் விலக்க வேண்டிய வலி மருந்தான அசெக்ளோஃபெனாக் என்றும் எழுதியிருந்தது. தனக்குத் தெரிந்த பெயரை எழுத்துக்கூட்டிப் பார்த்துச் சரியென்று கொண்டு, ஐந்து வாரமாகத் தினம் இரண்டு சாப்பிட்டிருக்கிறார். தவறு அவருடையது என்று என்னால் சொல்ல முடியவில்லை. நம் கடைகளில் வலிக்குச் சாதாரணமாக எடுத்துக் கொடுப்பதே இந்தக் கூட்டு மாத்திரையைத்தான். டிஸ்சார்ஜ் சுருக்கத்தின் மூன்றாம் பக்கத்தில் இருந்த எச்சரிக்கையோ மருந்து வகையின் ஆங்கிலச் சுருக்கெழுத்தாக (NSAID) ஐந்து எழுத்தில் இருந்தது.

மாத்திரை நிறுத்தப்பட்டது. அமிலத்தைக் குறைக்கும் மருந்தை இருவேளை, காப்ஸ்யூலைத் திறந்து துகளைத் தண்ணீரில் கலந்து எடுக்கச் சொன்னோம். சிறிய பையும் குறுகிய வழியும் உள்ளவர்களிடம் முழுக் காப்ஸ்யூலைவிடத் திறந்த காப்ஸ்யூலில் புண் விரைவில் ஆறுவது தெரிந்ததே. கூடவே புண்ணின் மேல் படிந்து காக்கும் சுக்ரால்ஃபேட் நீர்மருந்து. மூன்றாம் மாத எண்டோஸ்கோப்பியில் புண் ஆறியிருந்தது; உணவுக்குழாயில் பழைய அரிப்பின் சுவடும் இல்லை. குதிகாலுக்கு மென்மையான செருப்பும், காலையில் செய்யும் நீட்டல் பயிற்சியும் போதுமானதாக இருந்தன.

இரண்டாம் ஆண்டு முடிவில்

எடை 73 கிலோ. இரண்டு கிலோ ஏறியதில் வியப்பில்லை. ஃபெரிட்டின் 9க்கு இறங்கியிருந்தது. இரத்தக் கசிவுக்கு அதில் பங்கு உண்டு, சாப்பிட்டவுடன் குடிக்கும் டீக்கும் உண்டு. இரும்பு மாத்திரையையும் கால்சியத்தையும் ஒரே கையில் விழுங்கிக்கொண்டிருந்ததும் தெரியவந்தது. இவற்றுக்கிடையே இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இரும்பை நரம்பு வழியே ஏற்றினோம். பி12 சரியாக இருந்தது.

மாற்றிக்கொண்டவை

பைபாஸ் செய்துகொண்ட ஒவ்வொருவருக்கும் இப்போது சட்டைப்பையில் வைக்கும் அளவில் ஓர் அட்டை தருகிறோம். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் மலையாளம். செய்யப்பட்ட அறுவையின் பெயர், எளிய படம், அறுவை நடந்த மாதம், விலக்க வேண்டிய மருந்துகள். மருந்து வகையின் பெயருக்குப் பதில் டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் என்று ஒவ்வொன்றையும் எழுதி, 'பாராசிட்டமாலுடன் சேர்ந்து வந்தாலும் கூடாது' என்ற வரியைத் தடித்த எழுத்தில் போட்டோம். கடைவீதியின் மருந்துக் கடைக்காரர்களிடமும் அதன் நகல் இருக்கிறது. ஒருவர் அதைக் கல்லாவுக்கு மேல் ஒட்டியிருக்கிறார். மற்றவர்களைப் பற்றி எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

எண்டோஸ்கோப்பி இல்லாமல் யாரையும் பருமன் அறுவைக்கு அனுப்புவதில்லை. நெஞ்செரிச்சலைக் கேட்கும்போது தலையணை, ஈனோ, இரவு இருமல் என்றே கேட்கிறோம். ஃபெரிட்டின் 30க்குக் கீழ் இருந்தால் அறுவைக்கு முன்பே நரம்பு வழி இரும்பு.

மருந்துகளின் நிலை இதற்குள் மாறிவிட்டது. எடையையும் சர்க்கரையையும் குறைக்கும் டிர்செபடைட் ஊசி 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தது. சர்க்கரை நோயுள்ள பருமனானவர்களிடம் நடந்த ஆய்வில் அதன் உச்ச அளவு 72 வாரத்தில் சராசரியாக 14.7 விழுக்காடு எடையைக் குறைத்தது. இந்தப் பெண்மணி இன்று வந்திருந்தால் அந்த ஊசியையும் மேசையில் வைத்துப் பேசியிருப்போம். லிராக்ளூட்டைட்டில் பட்ட குமட்டலையும், மாதாமாதம் முடிவில்லாமல் தொடரும் செலவையும் சேர்த்தே பேசியிருப்போம். 103 கிலோவில் 14.7 விழுக்காடு என்றால் 15 கிலோ. மார்புக்குள் ஏறிய இரைப்பையை எந்த ஊசியும் கீழே இறக்காது. ஆகவே இவருக்கு அப்போதும் பைபாஸையே சொல்லியிருப்போம் என்று நினைக்கிறேன். அறுவைக்கு முந்தைய மாதங்களில் சர்க்கரையையும் கல்லீரலையும் சீராக்க மட்டும் அந்த ஊசியைப் பயன்படுத்தியிருக்கக்கூடும்.